பிள்ளை எழுதிய பக்கத்தில் ஆசிரியர் என்ன எழுதுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வாரம் ஒரு பக்கம் அவர்கள் தங்கள் விருப்பப்படி தமிழில் எழுதித் தருகிறார்கள். எல்லார் நோட்டிலும் ‘மிக அருமை’ என்று எழுதினால், ‘இதிலிருந்து பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?’ என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். எல்லாப் பிழைகளையும் திருத்தினாலோ பக்கமே சிவந்துவிடுகிறது. அப்படித் திருத்திய மறுவாரம் ஒரு மாணவன் நோட்டைக் கொண்டுவரவே இல்லை. பிள்ளையின் மனம் ஒடியாமல் பிழையைத் திருத்துவது எப்படி?
– பயிற்சி ஆசிரியை, காத்ர் போர்ன்

பதில்: உங்கள் மேற்பார்வையாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, நோட்டைக் கொண்டுவராத அந்த மாணவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘மிக அருமை’ என்பது எது அருமை என்று சொல்வதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, மிஸ் எல்லாருக்கும் இதையேதான் எழுதுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. பிள்ளைக்கு ஊக்கம் கொடுப்பது, தான் எழுதியதை ஒருவர் உண்மையிலேயே படித்தார் என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தைக் கொடுக்க வேண்டுமானால், அந்தப் பிள்ளையால் மட்டுமே எழுதியிருக்கக்கூடிய ஒரு வரியை நீங்கள் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தொட்டுப் பேச வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். நம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், முதல் சில வாரங்களுக்குள்ளேயே தைப்பூசக் காவடி வந்துவிடுகிறது. பிள்ளைகளும் பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள். உங்கள் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: “காவடி அன்னிக்கு பாட்டி ஏழு கறி சமைச்சான். நான் வாழை இலை கலுவினான். ஒறு இலை கிலிந்தது. அந்த இலைல நான் சாப்பிட்டான். ரொம்ப நல்லா இருந்தது.”

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் கடைசி வரியைத் தவிர ஒன்றும் தப்பாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள். வகுப்பில் எத்தனையோ பேர் ஏழு கறியைப் பற்றி எழுதியிருப்பார்கள். கிழிந்த இலையைப் பார்த்தவனும், அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவனும் இவன் ஒருவன்தான். விருந்தாளிக்குக் கிழிந்த இலை போய்விடக்கூடாது என்று நினைத்தானா, தான் கிழித்த இலை என்று எடுத்துக்கொண்டானா, அவன் சொல்லவில்லை. நீங்கள் தொட வேண்டிய இடம் அதுதான். அவன் பக்கத்தின் அடியில் நான் எழுதுவதாயிருந்தால் இப்படி எழுதுவேன்: “கிழிந்த இலையை நீயே எடுத்துக்கொண்டாய் என்று படித்தபோது, எனக்கு உடனே ஒரு கேள்வி வந்தது. ஏன் அந்த இலையை எடுத்துக்கொண்டாய்? வீட்டில் யாராவது அதைக் கவனித்தார்களா? இன்னும் இரண்டு வரி எழுதிக் காட்டு.”

இதற்குப் பிறகுதான் பிழை. அதுவும் ஒரே ஒரு வகைப் பிழை. “நான் வந்தேன், நான் பார்த்தேன். ‘நான்’ என்று தொடங்கினால் முடிவில் ‘ஏன்’ வரும். உன் பக்கத்தில் இரண்டு இடங்களில் இதை மாற்ற வேண்டும், கண்டுபிடி.” விடையை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவன் அதைப் பார்த்து எழுதுவான், தேடச் சொன்னால் தன் பக்கத்தைத் தானே ஒருமுறை படிப்பான். ‘ஒறு’வும் ‘கிலிந்தது’ம் இந்த வாரம் அப்படியே இருக்கட்டும், பாட்டி சமைத்தார் என்பதையும் அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய, பிழை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வீட்டில் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளரும் பிள்ளைக்கு, வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதே புதிய செய்தி. மோ மான்ஜே, தோ மான்ஜே, லி மான்ஜே என்று, நான் சாப்பிட்டாலும் நீ சாப்பிட்டாலும் அவள் சாப்பிட்டாலும் அங்கே சொல் ஒன்றேதான். ல, ள, ழ என்ற பிரிவும் அந்த மொழியில் இல்லை. காதுக்குப் பழகாத வேறுபாட்டைக் கை எழுதாது. ஆகவே இவை கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல. ‘கவனமாக எழுது’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவது அந்தப் பிள்ளைக்கு அநீதி. வகுப்பில் பாதிப் பேர் ஒரே பிழையைச் செய்திருந்தால், நோட்டில் வட்டம் போடுவதை விட்டுவிட்டு, மறுநாள் கரும்பலகையில் அதை ஒரு பாடமாக நடத்துங்கள்.

பாராட்டிலும் எச்சரிக்கை வேண்டும். ‘நீ கெட்டிக்காரன்’ என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சியைப் பாராட்டப்பட்ட பிள்ளைகளைவிட, கடினமான புதிர்களில் தோற்ற பிறகு சீக்கிரம் சோர்ந்துபோனதைக் கண்டார்கள். கெட்டிக்காரன் என்ற பெயரை வாங்கியவனுக்கு அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிடுகிறது. தெரிந்த நான்கு சொற்களுக்குள்ளேயே நின்று எழுதப் பழகிவிடுகிறான். பின்னூட்டம் எதுவானாலும் நன்மை செய்யும் என்றும் எண்ணிவிட வேண்டாம். குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. செய்யும் வேலையிலிருந்து கவனம் விலகி, ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்’ என்பதற்குப் போய்விடுவதை அவர்கள் ஒரு காரணமாகச் சொன்னார்கள். இலையைப் பற்றிக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பேச்சு பிள்ளையின் தகுதியைப் பற்றி இல்லாமல் பிள்ளை எழுதியதைப் பற்றி இருக்கிறது.

நோட்டைக் கொண்டுவராத மாணவனிடம், ஏன் கொண்டுவரவில்லை என்று விசாரிக்காதீர்கள். ஒரு புதுத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிய ஒரு வரியை அவன் காதுபட வாசியுங்கள். அதைப் பற்றி ஏதாவது கேளுங்கள். சில வாரங்களுக்கு அவனுக்குத் திருத்தமே வேண்டாம். மற்றவர்களுக்கும் பென்சிலால் எழுதுவதே நல்லது என்பது என் எண்ணம். திருத்தியபின் உங்கள் குறிப்பைப் பிள்ளையே அழித்துவிடலாம்; பக்கம் மறுபடி அவனுடையதாகிவிடும்.

மேற்பார்வையாளருக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தவணை முடிவில், ஒரே பிள்ளையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திறந்து வையுங்கள். ‘நான்’ என்று தொடங்கும் வரிகள் எப்படி முடிகின்றன என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பிள்ளைகள் தமிழுக்கு நடுவில் கிரியோல் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். அடித்துவிடலாமா?
– இளம் ஆசிரியர், மாயேபூர்

பதில்: அடிக்க வேண்டாம். தெரியாத இடத்தில் வாக்கியத்தையே கைவிட்டுப் போகாமல், தன்னிடமுள்ள சொல்லை வைத்துத் தமிழ் எழுத்திலேயே முடித்திருக்கிறது பிள்ளை. 2012 முதல் கிரியோலும் நம் தொடக்கப்பள்ளிகளில் ஒரு பாடமாகியிருக்கிறது. ஒரு மணி வேளையில் பாடமாக இருக்கும் மொழி அடுத்த வேளையில் குற்றமாகிவிடக்கூடாது. தால் பூரி, காத்தோ பிமான் போன்ற பண்டங்களின் பெயர்களை அப்படியே விடுங்கள். ‘லாபுதிக் போனேன்’ என்று எழுதியிருந்தால், ஓரத்தில் ‘கடைக்குப் போனேன்’ என்று எழுதி, ‘அடுத்த வாரம் இந்தச் சொல்லை எங்காவது பயன்படுத்திப் பார்’ என்று சேர்த்துவிடுங்கள். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் உருவாக்கும் பாடநூல்களிலிருந்து பிள்ளைகள் நிறையச் சொற்களைக் கற்கிறார்கள். ஆனாலும், தன் வீட்டில் நேற்று நடந்ததைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு வேண்டிய எல்லாச் சொற்களையும் எந்தப் பாடநூலாலும் முன்கூட்டியே தந்துவிட முடியாது. அந்தச் சொல்லைத் தேவைப்படும் நேரத்தில் கொடுப்பது ஆசிரியர் வேலை.

கேள்வி: என் பேத்தியின் தமிழ் நோட்டில் ஆசிரியை மதிப்பெண்ணே போடுவதில்லை, ஏதோ கேள்வி மட்டும் எழுதி அனுப்புகிறார். ஆறாம் வகுப்பு முடிவில் தேர்வு இருக்கிறதே, இப்படியே போனால் எப்படி?
– ஒரு தாத்தா, கியூர்பிப்

பதில்: ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆசிரியை செய்வது சரி என்றே நான் கருதுகிறேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். கருத்து மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் திறனும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. பத்துக்கு ஆறு என்று பார்த்ததும் பிள்ளையின் கண் பக்கத்திலிருப்பவளின் நோட்டுக்குத் தாவிவிடுகிறது. கீழே எழுதியதை யார் படிப்பார்கள்? தேர்வு வேறு, வாரப் பக்கம் வேறு. தேர்வில் நன்றாக எழுத வேண்டுமானால் அதற்கு முன் பயமில்லாமல் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேத்தி நோட்டைக் கொண்டுவந்தால், அவள் எழுதியதை அவளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியை கேட்ட கேள்வியையும் வாசிக்கச் சொல்லுங்கள். பதில் எழுத அவளுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தால் வாயால் சொல்லுங்கள். எழுத்தை அவளே கூட்டட்டும், தப்பாக எழுதினாலும் விட்டுவிடுங்கள். தேர்வுக்கு எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பெற்றோர் சந்திப்பன்று பேத்தி இல்லாதபோது ஆசிரியையிடம் நேரில் கேளுங்கள்.