‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் வங்கியில் வேலை பார்க்கிறேன். பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில், இடையில் நின்றுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வழிகாட்டியாக வாரம் ஒருமுறை போகிறேன். தன்னம்பிக்கை வர யாருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்லலாம்? முழு வருகைக்குப் பரிசு கொடுக்கலாமா? ஒருவன் மட்டும் சுத்த சோம்பேறி, அடிக்கடி வருவதே இல்லை.

க.

அன்புள்ள க.,

வாழ்க்கை வரலாறு இருக்கட்டும். பரிசு வேண்டாம், எப்படியும் வருகிற பிள்ளைதான் அதை வாங்கும். அலுவலகம் முடிந்த களைப்போடு அந்த ஆறு பேருக்காகப் போய் உட்காருகிறீர்களே, அதற்கு ஒரு மனசு வேண்டும். ஆனால் ‘சோம்பேறி’ என்று எழுதும் முன் அவனுடைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா?

கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஜூனிலிருந்து இன்றுவரை ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, ஒரு வேலைநாளுக்கு ஒரு கட்டம். காலை, மதியம் இரண்டு வருகையையும் தனித்தனியாகக் குறியுங்கள். பக்கத்தில் தினசரி காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள். வராத நாட்கள் முகூர்த்த நாட்களோடு பொருந்தினால் பையன் கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போகிறான். வாரக் கடைசியை ஒட்டியே விழுந்தால் பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரமாக இருக்கும்; பிசிறு வெட்டவோ, தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கவோ போயிருப்பான், சனிக்கிழமை சம்பளம். மதியம் மட்டும் காணோம் என்றால் சத்துணவு முடிந்ததும் நழுவுகிறான். அடுத்த பாடவேளையில் யாரை எழுப்பி வாசிக்கச் சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனுக்கு அந்த நாற்பது நிமிடம் நரகம். பெண்பிள்ளைக்கு மாதாமாதம் இரண்டு மூன்று நாள் விடுபட்டால், கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று ஆசிரியை வழியாகக் கேளுங்கள். நீங்கள் நேரே கேட்காதீர்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் பிள்ளை எங்கே தொலைகிறது தெரியுமா? வராத நாளில் அல்ல, திரும்பி வருகிற நாளில். நான்கு நாள் கழித்து ஒருவன் பயந்துகொண்டே வகுப்பு வாசலில் நிற்கிறான். ‘அப்பாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் உள்ளே வா’ என்கிறார்கள். அப்பா வந்தால் அரை ஷிப்ட் கூலி போகும். அதைக் கேட்கப் பையனுக்குத் துணிவில்லை. வீட்டில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறான். நான்கு நாள் பத்து நாளாகிறது. அதற்குள் யாராவது கம்பெனிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். முன்பணமும் வாங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. ஒழுங்கு கற்பிப்பதாக நினைத்துச் சொல்கிற அந்த ஒற்றை வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை. பெற்றோரைப் பார்க்க வேண்டுமா, நாம்தானே போக வேண்டும்?

ஆகவே தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி ஒரு சம்மதம் வாங்கிவிடுங்கள்: இந்த ஆறு பேரில் யார் எத்தனை நாள் கழித்து வந்தாலும் முதலில் உட்கார வைப்பது, விசாரணை மதியத்துக்கு மேல், அதுவும் தனியாக. அடுத்தது நோட்டு. விட்டுப்போன எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் மறுநாளும் வரமாட்டான். ஒவ்வொரு பாடத்திலும் கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் நகலெடுத்து ஒட்டிக் கொடுங்கள். முதல் நாள் வராதபோதே வீட்டுக்குப் போன் போக வேண்டும். இரவு எட்டரைக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் கம்பெனி விட்டு வந்திருக்கமாட்டார்கள். ‘ஏன் வரல’ என்று தொடங்காதீர்கள். ‘நாளைக்கு அறிவியல்ல புதுப் பாடம், அவனுக்கு இடம் போட்டு வைக்கிறோம்’ என்றால் போதும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழேதான் ஏறக்குறைய எல்லா வேலையையும் தடுக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சரியாக அந்தச் சந்தில் நிற்கிறது. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் மட்டும் சமாதானம் பேசப் போகாமல் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள், நான்கு மணிக்கு மேல். காலையில் போகாதீர்கள், வாரம் முழுக்கச் சேர்ந்த துணியைத் துவைத்துக்கொண்டிருப்பார்கள்.