போத்தலை மூடுங்கள், குமிழைப் போடுங்கள்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கனடாவில் உள்ள மகள் கடித உறைக்குள் வைத்து அனுப்பிய எக்கினேசியா விதையை, அதுதான் ஊதாக் கூம்புப்பூ, பெப்ரவரியில் போட்டேன். ஏழு கன்று தப்பியது. தும்புத்தூளும் மாட்டெருவும் போட்ட பாத்தி. இலையெல்லாம் உள்ளங்கை அகலத்தில் கரும்பச்சையாக நிற்கிறது. பத்து மாதமாகியும் ஒரு மொட்டு இல்லை. கடையில் சொன்னபடி மூன்று போத்தல் பூ டொனிக் ஊற்றினேன். இப்போது மழையில் இரண்டு செடி அடியோடு சாய்ந்துவிட்டது. எந்தப் பங்கசுநாசினி அடிக்கலாம்? இதன் வேர் தடிமனுக்கு நல்லது என்கிறாள் மகள், தோண்டி அவிக்கலாமா?

பதில்: தங்கச்சி, சாய்ந்த இரண்டுக்கும் எதையும் அடிக்க வேண்டாம். பிடித்து இழுத்ததும் இலைக்கொத்து கையோடு கழன்று வந்து, அடி கறுத்து, அழுகிய வெங்காயம் மாதிரி மணந்தால் அந்தச் செடியின் கதை முடிந்தது. சுற்று மண்ணோடு கிண்டி எறியுங்கள். கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். மிச்சம் ஐந்தைப் பற்றிப் பேசுவோம்.

அடியில் விரலை விட்டுப் பாருங்கள். இலைகள் கிளம்புகிற கழுத்து புதைந்து கிடக்கிறதா? இது வட அமெரிக்கப் புல்வெளிச் செடி. வெயிலைத் தாங்கும், ஓரளவு வரட்சியையும் தாங்கும், கழுத்தடி ஈரத்தைத் தாங்காது. நம் பக்கம் நவம்பரிலும் டிசம்பரிலும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். உப்புவெளி மணலில் எங்கே தண்ணீர் நிற்கும் என்பீர்கள். மணலில் நிற்காதுதான். நீங்கள் போட்ட தும்புத்தூள் அதைக் குடித்து வைத்துக்கொண்டு செடியின் கழுத்தில் ஒத்தடம் கொடுக்கிறது. மழை விட்ட ஒரு நாளில் ஐந்தையும் மண்ணோடு கிளப்புங்கள். மணலும் உடைந்த ஓட்டுத்துண்டும் போட்டு ஒரு சாண் உயர மேடு கட்டி, கழுத்து வெளியே தெரிய நடுங்கள். எரு ஒரு பிடி போதும்.

சரி, அந்தப் போத்தல்கள். பூக்காத செடி என்றால் நம் கடைக்காரர்களுக்குத் தெரிந்த நோய் ஒன்றுதான்: பசி. அதற்கு மருந்து எப்போதும் அவர்களுடைய தட்டிலேயே இருக்கும். உள்ளங்கை அகலத்தில் கரும்பச்சை இலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பசித்த செடியா அப்படி நிற்கும்? தின்று கொழுத்த செடிதான் மழைக்கு முதலில் அழுகும். நைதரசன் எத்தனை வீதம், பொசுபரசு எத்தனை வீதம் என்று லேபலில் போடாத போத்தலை நான் வீட்டுப் படி ஏற்றுவதில்லை. முன்பு மல்லிகைக்கென்று ஒன்று வாங்கி நானும் ஏமாந்தவன்தான். மண் கறுத்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இங்கே பகல் எத்தனை மணி நேரம்? இந்தச் செடியின் சொந்த ஊர்ப் பக்கம் ஜூனில் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12½ மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். குறும்பகலைக் கண்டு, அதன் பிறகு 14 மணி நேரமளவு நீண்ட பகலையும் கண்டால்தான் எக்கினேசியா ஒழுங்காகப் பூத்தண்டு விடும். இல்லாவிட்டால் கோவாப்பயிர் மாதிரி இலையாகவே இருந்துவிடும். குறும்பகல் இந்த மாரியில் தானாகவே கிடைக்கிறது. மேட்டில் வேர் பிடித்ததும், ஜனவரி நடுப்பகுதியிலிருந்து, செடிக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் மஞ்சள் ஒளி தரும் 9 வோட்ஸ் எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டு, மாலை ஆறு மணி முதல் எட்டரை வரை எரியவிடுங்கள். மழை படாத ஹோல்டராகப் பாருங்கள். மொட்டுக் கண்ணில் படும்வரை ஒரு நாளும் தவறக் கூடாது. மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். மூன்று போத்தல் டொனிக் காசில் இதையெல்லாம் செய்து முடித்திருப்பீர்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேர வெயிலுக்கு மட்டும் ஓலை மறைப்புக் கட்டுங்கள். குளிர்காலம் வந்து உறங்கி எழுந்து பழகிய செடி இது. மாரியிலும் இரவு வெப்பம் 24 பாகையை ஒட்டி நிற்கிற நம் ஊரில் வருடக்கணக்காக நிற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு விதையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கடித உறையில் அனுப்பக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வெறும் காகிதத்துக்காகப் போட்டதல்ல. விதையோடு வருகிற நோய் உங்கள் ஐந்து செடியோடு நின்றுவிடாது.

வேரைத் தோண்டாதீர்கள். மருந்துக்கென்று வளர்ப்பவர்களே மூன்றாம் வருடமளவில்தான் தோண்டுவார்கள். இது செவ்வந்திக் குடும்பம், சிலருக்கு ஒவ்வாமை தரும். உங்கள் வேருக்குள் என்ன டொனிக் ஊறிக் கிடக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடியுங்கள்.