ஃபோரேயிடம் நடுக்கம் ஏன் இல்லை?

அன்புள்ள ஐயா,

நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்களே என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் கப்ரியேல் ஃபோரேயின் ரெக்வியத்தை, அதாவது இறந்தோருக்கான தேவாலயப் பூசை இசையைக் கேட்டேன். மொஸார்ட், வெர்டி ரெக்வியங்களைக் கேட்டுப் பழகிய எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அழகுதான். ஆனால் சாவுக்கான இசையில் ஒரு நடுக்கம்கூட இல்லையே? டெபுஸ்ஸி, ராவெல் அளவுக்கு இவரைக் கொண்டாட என்ன இருக்கிறது?
ம.

அன்புள்ள ம.,

நீங்கள் கேட்டது சரிதான், அந்த நடுக்கத்தை ஃபோரே வேண்டுமென்றே விலக்கினார். தீர்ப்பு நாளின் கோபத்தைப் பாடும் 'தியெஸ் இரே' என்ற நீண்ட பாடலில்தான் வெர்டி இடி முழக்குகிறார். ஃபோரே அதன் கடைசி வரிகளை மட்டும் எடுத்து 'பியே ஜேசு' என்று ஒற்றைக் குரலுக்குக் கொடுத்தார். 'லிபெரா மே' என்ற பகுதியில் மட்டும் ஊதுகொம்புகள் எழ, அந்தக் கோபம் கொஞ்ச நேரம் வந்து போகிறது. அவ்வளவுதான்.

அவர் சாவை அறியாதவர் அல்ல. 1885இல் தந்தை போனார், 1887இன் கடைசி நாளில் தாய். பாரிஸின் மடலேன் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர், இறுதிச் சடங்குகளுக்கு வாசிப்பது அவருக்கு அன்றாட வேலை. இந்த ரெக்வியமும் 1888 ஜனவரியில் அங்கே ஒரு கட்டடக் கலைஞரின் இறுதிச் சடங்கில்தான் முதலில் ஒலித்தது. சாவை அவர் ஒரு விடுதலையாகவே பார்த்தார். அப்படியே சொல்லியும் இருக்கிறார்.

நீங்கள் கேட்டது பெரிய இசைக்குழுவுக்காக 1900இல் வந்த வடிவமாக இருக்கலாம். 1893 வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். அதில் வழக்கமான வயலின் வரிசை கிடையாது. வயலினைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட வியோலாக்களும் செல்லோக்களும், கூடவே ஆர்கனும் கீழே அடர்த்தியாக நிற்கும். 'சாங்க்துஸ்' பகுதி வரும்போது ஒரே ஒரு வயலின் மேலே எழும்பும். முதலில் இருந்தே வயலின்கள் நிறைந்திருந்தால் அந்த இடம் இப்படி நம்மைப் பிடிக்காது.

அப்புறம் ராவெல். அவர் ஃபோரேயின் மாணவர். தன் ஒரே நால்வாத்தியத்தை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேரும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை, ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார். 1905இல் ராவெலுக்கு, இளம் இசையமைப்பாளர்களுக்கான ரோம் பரிசுப் போட்டியின் இறுதிச் சுற்று மறுக்கப்பட, பாரிஸில் பெரிய சர்ச்சை வெடித்தது. அந்தக் கொந்தளிப்பில்தான் ஃபோரே அங்குள்ள இசைக் கல்லூரியின் இயக்குநரானார். பழைய வழக்கங்களை அவர் மாற்றிய வேகத்தில், பிரெஞ்சுப் புரட்சியின் கடுமையான தலைவரை நினைத்து, 'ரோபஸ்பியர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. மென்மையான மனிதர், ஆனால் வளைந்து கொடுக்கவில்லை.

அதற்குள் காது மங்கத் தொடங்கியிருந்தது. வெறும் செவிடு என்றாலாவது பரவாயில்லை. கீழ் சுரங்கள் மேலேயும் மேல் சுரங்கள் கீழேயும் நழுவிக் கேட்டன. தன் இசையையே கோணலாகக் கேட்க வேண்டிய கொடுமை அது. அப்படியும் எழுதினார். பீத்தோவன் ஆண்ட வடிவம் என்று தயங்கித் தள்ளிவைத்திருந்த நால்வாத்தியத்தை 79 வயதில், 1924 செப்டம்பரில் முடித்தார். நவம்பர் 4இல் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் மடலேனில் அதே ரெக்வியம் பாடப்பட்டது.

அந்த நால்வாத்தியம் மறு ஆண்டுதான் மேடை ஏறியது. ரெக்வியம் பிடிக்காவிட்டாலும் போகட்டும், இதைக் கேளுங்கள். வியோலா ஒரு கேள்வி போலத் தொடங்க, முதல் வயலின் பதில் சொல்லும். இதில் இனிப்பே கிடையாது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.