வாசகர் கேள்வி–பதில்: ஆறு கிராம் பொட்டலமும் அதன் தூளும்

கேள்வி (நீடாமங்கலம்): சம்பா நட்டு ஐம்பது நாள் ஆகிறது. காற்றும் மழையும் அடித்த பிறகு இலை நுனி வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டு வருகிறது. மூன்று மாவுக்கு (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) என்று ஆறு கிராம் ஆன்டிபயாடிக் பொட்டலம் இருபது கொடுத்தார்கள். "மனுசனுக்குப் போடுற மருந்துதான், ஒண்ணும் பண்ணாது" என்றார் கடைக்காரர். வெறுங்கையால் கலக்கலாமா? மூக்கில் துண்டு கட்டினால் போதுமா?

பதில்: மனிதனுக்குப் போடும் மருந்து என்பதுதான் எச்சரிக்கையாக இருக்கவே காரணம். அந்தப் பொட்டலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட், ஒரு பங்கு டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. காசநோயைக் கட்டுப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் அதுதான். ஊசியாக ஏற்றும்போது உள்காதையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது.

கலக்கும்போது அந்த அளவு உடம்பில் ஏறிவிடாது, அந்தப் பயம் வேண்டாம். இங்கே தொல்லை தோலில்தான் ஆரம்பிக்கும். முதல் சில தடவை ஒன்றும் தெரியாது. ஒருநாள் விரல் இடுக்கில் அரிப்பு, பிறகு கண் இமையில் வீக்கம், வெடிப்பு. இந்த ஊசியைக் கையாண்ட செவிலியர்களுக்கு இப்படித் தோல் ஒவ்வாமை வந்தது மருத்துவத்தில் பழைய செய்தி. ஒருமுறை உடம்பு அடையாளம் கண்டுவிட்டால், அடுத்த தடவை கொஞ்சம் தூள் பட்டாலே போதும். பின்னால் நோய்க்காக இதே மருந்தை ஊசியாகப் போட நேர்ந்தால் அது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் எடுங்கள். நீங்கள் சொல்வது பாக்டீரியா இலைக்கருகலாகவும் இருக்கலாம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறையாகவும் இருக்கலாம். காய்ந்த பகுதியும் பச்சையும் சந்திக்கிற இடத்தில் இலையைக் கத்தரித்து, வெட்டுவாய் தெளிந்த தண்ணீரில் படும்படி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கருகல் என்றால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கசிவது போல வெண்புகை இறங்கும். காலையில் இலை ஓரத்தில் மஞ்சள் முத்துப்போல் திரவம் உறைந்திருப்பதும் அதே நோய்தான். புகை இறங்காவிட்டால் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். பாக்டீரியா இல்லாத இடத்தில் அந்த மருந்துக்கு வேலை இல்லை.

புகை இறங்கினாலும் இதைத் தெளிக்க நாங்கள் சொல்லமாட்டோம். ஹெக்டேருக்கு 300 கிராம், அதாவது ஏக்கருக்கு 120 கிராம் என்பது நெடுநாள் பரிந்துரை. உங்கள் இருபது பொட்டலக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். மனித மருந்தைப் பயிரில் கொட்டக் கூடாது என்று, இந்தக் கலவையைப் படிப்படியாக நிறுத்தும் வரைவு ஆணையை ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே வெளியிட்டது. அதற்குப் பதில் செய்ய வேண்டியது இது. முதலில் மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்துங்கள். தழைச்சத்து ஏறிய இலைதான் இந்த நோய்க்கு விருந்து. வயலில் தேங்கியதை வடித்துவிடுங்கள். வடித்தது பக்கத்து வயல் வழியே போகாமல் நேராக வடிகாலுக்குப் போகட்டும். நம் பக்கம் வயல் விட்டு வயல் பாய்ச்சுவதால்தான் ஒரு மூலையில் தொடங்கியது ஒரு வாரத்தில் பங்காளி வயலுக்கும் போகிறது. 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை (நூறு லிட்டருக்கு 20 கிலோ, நன்றாக வடிகட்டியது) பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். கடுமையாக இருந்தால் காப்பர் ஹைட்ராக்சைடு 77 சத நனையும் தூள், ஏக்கருக்கு 500 கிராம். தாமிரத் தூள் கண்ணை நன்றாகவே பதம் பார்க்கும். கண்ணாடி போடாமல் கலக்க வேண்டாம்.

ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள், எப்படியும் கையாள வேண்டியிருக்கிறது என்றால்: ஈரத் துண்டு தூளைத் தடுக்காது, நெசவு இடைவெளி தூளைவிடப் பெரிது. என்-95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை. காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். பழைய பிளாஸ்டிக் குவளையில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, பொட்டலத்தின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிக் கத்தரித்துச் சரியுங்கள். உயரத்திலிருந்து உதறினால் எழும் தூளில் முதல் பங்கு உங்கள் மூக்குக்குத்தான். உறையை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு ஒருக்காலும் சேர்க்காதீர்கள். காரத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் சிதைந்துவிடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கலக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. கை கழுவாமல் வெற்றிலை மடிப்பது, வரப்பில் உட்கார்ந்து தயிர் சாதம் பிசைவது இரண்டையும்தான் வயலில் அதிகம் பார்க்கிறோம்.

கேள்வி (பாபநாசம்): மாட்டுக்கு மடிநோய். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருக்கிறார் டாக்டர். மற்ற மூன்று காம்புப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா? காய்ச்சினால் மருந்து போய்விடாதா?

பதில்: ஊற்றக் கூடாது. ஒரு காம்பில் ஏற்றிய மருந்து மடித் திசு வழியே ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளிலும் இறங்கும். மருந்துப் பெட்டியில் பால் விலக்குக் காலம் (பாலை ஊற்றக் கூடாத நாட்கள்) அச்சாகியிருக்கும், அதைக் கடைசி மருந்திலிருந்து எண்ணுங்கள், முதல் மருந்திலிருந்து அல்ல. அச்சாகாவிட்டால் சட்டப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள்.

காய்ச்சினால் கொஞ்சம் குறையுமே தவிர, போய்விடாது. பென்சிலின் கலந்த பாலை உறை ஊற்றிப் பார்த்தால் தெரியும்: இரவு ஊற்றியது காலையில் பாலாகவே இருக்கும், ஏனென்றால் மருந்து உறைமோரின் பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. ஆனால் தயிர் நன்றாகத் தோய்ந்ததாலேயே பால் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா மருந்தும், எல்லா அளவும் தயிரில் காட்டிக்கொடுக்காது. அந்த நாட்களில் கறந்த பாலைக் கன்றுக்கும் கொடுக்காதீர்கள், வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். வீட்டில் யாருக்காவது பென்சிலின் ஒவ்வாமை இருந்தால், அவரை மருந்து ஏற்றவோ கறக்கவோ விடவேண்டாம்.

கேள்வி (மயிலாடுதுறை): மருந்துக் கடையில் வேலை. குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் தூள் பாட்டிலைக் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். சமீபமாகக் கலக்கும்போதெல்லாம் தும்மல், மணிக்கட்டில் தடிப்பு.

பதில்: தடிப்பு வந்த பிறகு கலக்கவே கூடாது, கையுறை போட்டுக்கொண்டு சமாளிக்கும் நிலையைத் தாண்டிவிட்டீர்கள். தோல் அல்லது ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டி, உங்கள் பெயரில் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூச்சிறைப்பு, உதடு வீக்கம் வந்தால் காத்திருக்காமல் 108. அமாக்சிசிலினும் பென்சிலின் வகைதான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு செஃபலோஸ்போரின் மருந்துகளும் ஒத்துக்கொள்ளாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பதில் கலப்பவருக்கு: மூடி திறக்கும் முன் பாட்டிலைத் தட்டித் தூளைத் தளர்த்துங்கள், பிறகு மெதுவாகத் திறங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குறி வரை இரண்டு தவணையில் ஊற்றிக் குலுக்குங்கள். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும். மேசையில் சிந்தியதை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி காற்றில் ஏறும். கலந்த பாட்டிலில் தேதி எழுதுங்கள். பெரும்பாலான பாட்டில்களுக்கு ஆயுள் ஏழு நாள்தான்.

கேள்வி (பட்டுக்கோட்டை): கெண்டை வளர்க்கிறேன். தீவனத்தில் ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்தால் எத்தனை நாள் கழித்துப் பிடிக்கலாம்?

பதில்: மீனுக்கு நாள் கணக்கு இல்லை, 500 டிகிரி–நாள் கணக்கு. தினமும் தண்ணீர் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 28 டிகிரியில் பதினெட்டு நாளில் 500 தாண்டும். மார்கழியில் தண்ணீர் குளிர்ந்தால் நாள் கூடும். மருந்தைத் தொடங்குவது மீன் நோயறிந்த மருத்துவர் எழுதியபின் மட்டும். குளோரம்பெனிக்கால் மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்: உணவுக்கான மீன், இறாலில் தடை. அபூர்வமாக, ஆனால் எவ்வளவு குறைந்த அளவிலும் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடக்கூடியது. வெறுங்கையால் தீவனம் பிசையும் ஆளுக்கும் அதே அபாயம் உண்டு.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): போன வருடத்து டெட்ராசைக்ளின் கேப்சூல் இருக்கிறது. தூள் பழுப்பாகிவிட்டது. கோழிக்குப் போடலாமா?

பதில்: கூடாது. ஈரத்திலும் வெயிலிலும் டெட்ராசைக்ளின் சிதைந்து பழுப்பாகிறது. அப்படிச் சிதைந்ததைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 1960களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நம் மண்ணில் நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால் புதைப்பதும் சரியில்லை, எரிக்கவும் வேண்டாம். உறையோடு கட்டி, தூய்மைப் பணியாளரிடம் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகக் கொடுங்கள்.