மறுமொழி: தண்ணீர் திறப்பு எஸ்எம்எஸ், 429 பிழை, இரட்டைச் செய்தி

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறக்கிற அறிவித்தலை 2,400 கமக்காரருக்கு அனுப்ப, 50 பேருக்கு ஒரு டாஸ்க் என்று கூகுளின் கிளவுட் டாஸ்க்ஸ் கியூவில் (வேலைகளை வரிசையில் வைத்து ஓடவிடும் சேவை) போட்டிருக்கிறீர்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் கேட்வே 429 (கோரிக்கைகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்ற பிழை) தருகிறது, சிலருக்கு அதே செய்தி மூன்று தரம் போகிறது.

முதலில் அந்த 50ஐக் கைவிடுங்கள். 31ஆவது ஆளில் 429 வந்தால் முழு டாஸ்க்கும் மறுபடி ஓடும், முதல் 30 பேருக்கும் திரும்பப் போகும். ஆளுக்கு ஒரு டாஸ்க்தான் சரி.

அடுத்தது வேகம். கியூ செட்டிங்கைத் தொடாமல் விட்டால் செக்கனுக்கு 500 டாஸ்க் வரை தள்ளும், ஒரே நேரத்தில் 1,000 ஓடவும் விடும். உங்கள் கேட்வே தாங்குவதோ செக்கனுக்கு 10. மேக்ஸ் டிஸ்பாட்சஸ் பெர் செகண்டை 8 ஆக்குங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் போய்விடும். கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி போய்ச் சேர அதைவிட எவ்வளவோ நேரம் எடுக்கும்.

இதோடு விட்டுவிடாதீர்கள். கியூ சும்மா கிடந்த நேரத்தில் டோக்கன் (டாஸ்க்கை அனுப்பும் அனுமதி) சேர்ந்திருக்கும், தொடக்கத்தில் ஒரு பாய்ச்சல் வரும். அதைப் பிடிக்கத்தான் மேக்ஸ் கன்கரன்ட் டிஸ்பாட்சஸ், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் டாஸ்க்குகளின் உச்ச எண்ணிக்கை. கேட்வே பதில் தர அரைச் செக்கன் என்கிறீர்கள், அப்ப 4 போதும். மின் பேக்ஆஃப் (தோற்ற டாஸ்க்கை மறுபடி ஓட்ட முதல் காத்திருக்கும் குறைந்தபட்ச நேரம்) இயல்பில் வெறும் 0.1 செக்கன், அதை 10 ஆக்குங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு டாஸ்க் எப்போதாவது இரண்டு தரம் ஓடலாம். ஒரு தரமாவது ஓடும் என்பதுதான் கிளவுட் டாஸ்க்ஸ் தரும் உறுதி. ஆகவே கமக்காரர் இலக்கத்தையும் திறப்புத் திகதியையும் சேர்த்து ஒரு கீ வைத்து, அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று அனுப்ப முதல் டேட்டாபேஸில் பாருங்கள், இருந்தால் அனுப்பாதீர்கள். லொகின் ஓடிபிக்கு (ஒரு தரக் கடவு எண்) வேறு கியூ வையுங்கள், இல்லாவிட்டால் அது இந்த 2,400க்கும் பின்னால் காத்துக் கிடக்கும்.