ஜிம் மாரிசனின் முதல் கவிதைப் புத்தகம் எது, படிக்கலாமா?

கேள்வி சின்னதுதான், ஆனால் பதில் கொஞ்சம் சுற்றும், ஏனென்றால் முதல் புத்தகம் என்பதே இரண்டு புத்தகம். தி டோர்ஸ் இசைக்குழுவின் பாடகராகப் புகழின் உச்சியில் இருந்த 1969-இல், மாரிசன் தன் கைக்காசைப் போட்டு 'தி லார்ட்ஸ்', 'தி நியூ கிரியேச்சர்ஸ்' என்று இரண்டையும் தலா 100 பிரதி மட்டும் அச்சடித்தார். அதுவும் ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன் என்ற முழுப்பெயரில். ராக் ஸ்டார் எழுதியது என்று யாரும் வாங்கிவிடக் கூடாது, கவிஞன் என்று மதிக்க வேண்டும், அந்த ஆசைதான். 1970-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் இரண்டையும் சேர்த்து ஒரே நூலாகக் கொண்டுவந்தது.

முதல் பாதியைக் கவிதை என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யுசிஎல்ஏ) சினிமா படித்த காலத்துக் குறிப்புகள் அவை. இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவன் ஒளிந்திருந்து எட்டிப் பார்க்கிறவன்தானே என்கிற மாதிரி, துண்டு துண்டான உரைநடை. எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டாம் பாதியில் வரிகள் சுருங்கி, படிமம் மேல் படிமமாக விழுகிறது. சில இடத்தில் மிரட்டும், சில இடத்தில் சும்மா மப்பில் எழுதியது போல இருக்கும் (ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்).

பாட்டு வரிகளை எதிர்பார்க்காமல், நடுவில் எங்கேயாவது பிரித்து நாலு பக்கம் படித்துப் பாருங்கள். ஒட்டவில்லையா, சரி, மூடி வைத்துவிடலாம்.