லோரா பாக்கெட் தொலைகிறதா? கோடிங் ரேட்டை மாற்றும் முன்…

கேள்வி: தென்னந்தோப்பில் உள்ள மண் ஈரப்பத சென்சார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 20 பைட் பாக்கெட் ஒன்றை லோரா ரேடியோவில் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் கம்பியில்லாத் தொடர்பு) அனுப்புகிறது. ஸ்பிரெடிங் ஃபேக்டர் (சிக்னலை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அளவு) 9, பேண்ட்விட்த் 125 கிலோஹெர்ட்ஸ், கோடிங் ரேட் (அனுப்பும் மொத்த பிட்களில் தரவின் பங்கு) 4/5. பத்துக்கு இரண்டு வந்து சேருவதில்லை. கோடிங் ரேட்டை 4/8 ஆக்கினால் சரியாகுமா? பேட்டரி தாங்குமா?

பதில்: அந்த இரண்டும் எப்படித் தொலைகின்றன என்பதை முதலில் கண்டறிய வேண்டும். பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் இட்டு, ரிசீவர் சிப் தரும் சிஆர்சி (பாக்கெட் சிதையாமல் வந்ததா எனப் பார்க்கும் சோதனை) பிழை அறிவிப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். எண் விடுபடும் நேரத்தில் சிஆர்சி பிழை பதிவாகியிருந்தால் பாக்கெட் சிதைந்து வந்திருக்கிறது என்று பொருள். எதுவுமே பதிவாகவில்லை என்றால் ரிசீவர் அதன் தொடக்கத்தையே பிடிக்கவில்லை. இரண்டாவது நிலையில் எந்தக் கோடிங் ரேட்டாலும் பயன் இல்லை, ஏனெனில் திருத்துவதற்குக் கையில் பிட்களே இருக்காது.

சிதைந்து வருவதாக இருந்தால் 4/8 உதவும். லோராவில் ஒவ்வொரு 4 பிட் தரவுடனும் 1 முதல் 4 வரை சரிபார்ப்பு பிட்கள் சேர்கின்றன. வழக்கமான ரிசீவரில் 4/5, 4/6 இரண்டும் பிழையைக் கண்டறிய மட்டுமே போதுமானவை. ஒரு பிட் பிழையைத் திருத்தும் திறன், ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறையின்படி, 4/7-இல்தான் தொடங்குகிறது. கூடவே பிட்களைக் கலைத்து அடுக்கும் இன்டர்லீவிங் இருப்பதால், குறுக்கீட்டால் ஒரு சிம்பல் (பல பிட்களை ஒன்றாகச் சுமக்கும் சிக்னல் துண்டு) முழுதும் கெட்டாலும் அந்தச் சேதம் பல குறிச்சொற்களுக்கு (4 பிட் தரவும் அதன் சரிபார்ப்பு பிட்களும் சேர்ந்த தொகுதிகள்) பிரிந்து, ஒவ்வொன்றிலும் திருத்தக்கூடிய ஒரு பிட்டாக நிற்கிறது.

இதற்கான விலை ஒலிபரப்பு நேரம். உங்கள் பாக்கெட் 4/5-இல் சுமார் 185 மில்லிசெகண்டும், 4/8-இல் 247 மில்லிசெகண்டும் எடுக்கும். அதாவது அனுப்பும்போது செலவாகும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஸ்பிரெடிங் ஃபேக்டரை 10 ஆக்கினால் 371 மில்லிசெகண்ட் ஆகும், ஆனால் சுமார் 2.5 டெசிபெல் பலவீனமான சிக்னலையும் பிடிக்கலாம்.

உங்கள் தேவைக்கு இவை இரண்டையும்விடச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. ஈரப்பத அளவு 2 பைட்டில் அடங்குமானால், முந்தைய இரண்டு அளவுகளையும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர்த்து அனுப்புங்கள். 24 பைட் ஆன பின்னும் 4/5-இல் 206 மில்லிசெகண்டுதான் ஆகும். பிரியாம்பிளும் (பாக்கெட்டின் தொடக்க அடையாளம்) ஹெடரும் (பாக்கெட்டின் நீளம் போன்ற விவரங்கள் உள்ள தலைப்பகுதி) எப்படியும் செலவாகிவிடுவதால் கூடுதல் பைட்கள் மலிவாகவே கிடைக்கின்றன. ஓர் அளவு அடியோடு தொலைய அடுத்தடுத்த மூன்று பாக்கெட்டுகளும் தவற வேண்டும்; இழப்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிகழ்ந்தால், 20 சதவீத இழப்பு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அரை மணி நேரத் தாமதத்தால் மண் ஈரப்பதக் கணக்கில் எதுவும் கெட்டுவிடாது (மோட்டாரை நிறுத்தும் கட்டளைக்கு இந்த வழி ஆகாது).

மழை பெய்து மட்டைகள் நனைந்திருக்கும்போது மணிக்கணக்கில் தொடர்ந்து தொலைகிறது என்றால் இந்த முறை தோற்கும். அப்போது ஆன்டெனாவை உயர்த்திப் பாருங்கள், அதற்கு மின்செலவே இல்லை. அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டுமே ஸ்பிரெடிங் ஃபேக்டர் 10-க்குப் போகலாம். அதை அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டிலும் மாற்ற வேண்டும். கோடிங் ரேட் ஹெடரிலேயே எழுதி வருவதால், ஹெடருடன் அனுப்பும் வரை, அதை அனுப்பும் பக்கத்தில் மாற்றினாலே போதும்.